கடலோர ஊரில் ஒரு சிறு வரலாற்றுக் கண்காட்சி: முதன்முறை நடத்துகிறவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டத்துக்குச் சுமார் 237 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. வடக்கே தொண்டிப் பக்கம் பாக் நீரிணை. தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் மன்னார் வளைகுடா. நடுவில் பாம்பன் தீவு. இவ்வளவு நீளத்தில் வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டுப் போவது ராமேசுவரம் கோயிலையும் பாலத்தையும் தனுஷ்கோடியையும்தான். மற்ற ஊர்களின் கதை பரணிலும் தகரப் பெட்டியிலும் வயதானவர்களின் நினைவிலும் இருக்கிறது. அதை எடுத்து ஒரு நாளோ ஒரு வாரமோ ஊர்ப் பொதுவில் வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ஆசிரியர்கள், நூலக வாசகர் வட்டத்தினர், கல்லூரி மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

பெரிய பணமோ கண்ணாடிப் பேழையோ தேவையில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளைச் சேர்ப்பது பாதி வேலைகூட இல்லை. அதை யார் வைத்திருந்தார், என்ன பெயர் சொன்னார், எப்படிப் புழங்கினார், ஏன் விட்டார் என்ற பேச்சைச் சேர்ப்பதுதான் வேலை. அந்தப் பேச்சு இல்லாமல் மேசைமேல் வைத்த சாமானுக்கும் பழைய இரும்புக் கடையில் கிடக்கிற சாமானுக்கும் வித்தியாசம் கிடையாது. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்

நீங்கள் நடத்துவதற்கு முன்னால், அருகில் இருப்பவற்றை நடத்துகிறவர் கண்ணோடு பாருங்கள். ராமநாதபுரம் அரண்மனை வளாகத்தில் இருக்கும் ராமலிங்க விலாசத்திலிருந்து தொடங்கலாம். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களில் ஒருவரான கிழவன் சேதுபதி காலத்து மண்டபம் அது. இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. சுவர்களிலும் மேல்தளத்திலும் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் நிறைந்திருக்கின்றன. தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியர்கள் சேதுபதியைச் சந்திக்கும் காட்சி, மதுரை நாயக்கர் சேதுபதிக்கு ரத்தினங்களால் அபிஷேகம் செய்யும் காட்சி, ராமாயண, பாகவதக் கதைகள் எல்லாம் உண்டு. அரசியல், போர், பக்தி, அந்தப்புரம் என்று ஒரு ஆட்சியின் முழு உலகத்தையும் நான்கு சுவர்களுக்குள் வரைந்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அரண்மனைச் சுவரோவியம் இந்த அளவுக்குப் பிழைத்திருக்கும் இடங்கள் மிகக் குறைவு. மதுரையிலிருந்து ராமேசுவரம் போகிற வண்டிகள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

அங்கே நிதானமாக நில்லுங்கள். ஓவியங்களை வரைந்தவர்கள் காட்சிக்கு அருகிலேயே இன்னது இன்னது என்று எழுத்தில் குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் குறிப்புகள் எவ்வளவு சுருக்கமாக இருக்கின்றன என்று கவனியுங்கள். ஆயுதங்கள் வைத்திருக்கும் இடத்தில் எந்தப் பொருளின் முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று பாருங்கள். எந்த எழுத்தைக் குனிந்து படிக்க வேண்டியிருக்கிறது, எந்த மூலையில் வெளிச்சம் போதவில்லை என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படம் எடுப்பதானால் அங்கிருக்கும் பணியாளரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ராமேசுவரத்தில் பள்ளிவாசல் தெருவில் இருக்கும் அப்துல் கலாம் வீட்டையும், 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்ட பேய்க்கரும்பு நினைவிடத்தையும் ஒரே நாளில் பாருங்கள். ஒரே மனிதரைப் பற்றியவைதான் இரண்டும். ஒன்று, ஆட்கள் வாழ்ந்த வீட்டின் மாடி. மற்றது, அவருக்காகவே எழுப்பிய பெரிய கட்டடம். எதில் உங்களுக்கு எது மனதில் நின்றது என்று எழுதிப் பாருங்கள். பாம்பனில் குந்துக்கால் போனால், 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் கரை இறங்கிய இடத்தில் ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. ஒரு தேதி, ஒரு கரை, வரவேற்ற பாஸ்கர சேதுபதி. இவ்வளவை வைத்துக்கொண்டே ஒரு இடத்தைக் கட்டி எழுப்ப முடிந்திருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி

முதன்முறை நடத்துகிறவர்கள் எல்லோரும் "எங்கள் ஊர் வரலாறு" என்று தலைப்பு வைக்க ஆசைப்படுகிறார்கள். வேண்டாம். அந்தத் தலைப்பில் சங்க காலம் முதல் சுனாமி வரை எல்லாம் வந்துவிடும், எதுவும் நிற்காது. ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். உங்கள் ஊரில் அறுபது வயது தாண்டிய ஒருவர் யோசிக்காமல் பதில் சொல்லத் தொடங்குகிற கேள்வியாக அது இருக்க வேண்டும்.

கீழக்கரைப் பக்கமென்றால், சங்கு குளிக்கப் போனவர்கள் என்னென்ன எடுத்துக்கொண்டு போனார்கள்? சின்னப்பாலம், பாம்பன் பக்கமென்றால், பாசி எடுக்கும் பெண்களின் ஒரு நாள் எப்படி? தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ, கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டு யாருக்கு நினைவிருக்கிறது? மாரியூர், வாலிநோக்கம் பக்கம் உப்பளத்து வேலை. சாயல்குடிப் பக்கம் பனையும் கருப்பட்டியும். மண்டபம் என்றால் இன்னொன்று இருக்கிறது: மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை அங்கேதான் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்த குடும்பங்களிடம் படங்களும் கதைகளும் இருக்கும்.

கலையை எடுக்க விரும்பினால், கோயில் சிற்பத்தோடு நிற்க வேண்டாம். படகின் அணியத்தில் (முன்பக்கத்தில்) பெயரும் படமும் எழுதுகிறவர் ஓவியர்தான். கீழக்கரைப் பெண்கள் முடையும் வண்ண ஓலைக் கொட்டானும் பெட்டியும் கலைதான். சங்கிலும் சிப்பியிலும் வேலை செய்கிறவர்கள் ராமேசுவரத்தில் இருக்கிறார்கள். கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசலில் கோயில் மண்டபத்துத் தூண்களைப் போலவே கல் தூண்கள் நிற்கின்றன. அந்தத் தூண்களின் பூவேலைப்பாட்டை மட்டும் பள்ளிப் பிள்ளைகளை வரையச் சொல்லி, ஜமாஅத் அனுமதியோடு ஒரு அறை நிறைய வைக்கலாம்.

இடமும் நாளும்

இடத்துக்கு அதிகம் அலைய வேண்டாம். கிளை நூலகம், பள்ளி வகுப்பறை, பங்கு மன்றம், மதரஸா கூடம், ஊர்ச் சமுதாயக் கூடம் எதுவும் போதும். ஆனால் எல்லாச் சமூகத்தாரும் தயங்காமல் உள்ளே வருகிற இடமா என்று பாருங்கள். பெண்கள் வந்து போக வசதியா என்றும் பாருங்கள். அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊராட்சித் தலைவர், ஊர்ப் பெரியவர்கள், ஜமாஅத், பங்குத்தந்தை என்று யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அழைப்பிதழ் கொடுக்கும்போது முதன்முறையாகச் சொன்னால் மனவருத்தம் வரும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் கடலைக் கேட்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தக் காலத்தில் ஆண்கள் ஊரில் இருப்பார்கள், வலை பின்னிக்கொண்டிருப்பார்கள், பேச நேரம் இருக்கும். பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும். உலக அருங்காட்சியக நாளான மே 18 இந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. வெயில் கொடுமைதான். அதனால் காலை ஏழிலிருந்து பத்து வரை, மாலை நான்கிலிருந்து எட்டு வரை என்று வைத்தால் ஆட்கள் வருவார்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மதியமும் ஞாயிறு காலையும் ஊரைப் பொறுத்து விட்டுவிடுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையும் ஈரமும், பழைய காகிதத்துக்கு ஆகாது.

பொருள் கேட்டுப் போவது

இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள், அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் நாள் எதையும் கேட்காதீர்கள். உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். கீழக்கரையில் காக்கா, ராத்தா என்றும், கடற்கரைத் தெருவில் அண்ணே, அக்கா என்றும், வயதான அம்மாவிடம் அப்பத்தா, பாட்டி என்றும் அந்த வீட்டார் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே கூப்பிடுங்கள். "அப்பத்தா, நீங்க கடலுக்குப் போன காலத்துல என்ன கட்டிக்கிட்டு இறங்குவீங்க?" என்று கேட்டால் பதிலோடு பொருளும் வரும். "பழைய பொருள் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் வெண்கல அண்டாவைக் காட்டுவார்கள், இல்லாவிட்டால் விலைக்கு வாங்க வந்திருக்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை எழுதுங்கள். அதில் இவை இருக்கட்டும்: வீட்டில் அதற்கு என்ன பெயர், எதனால் செய்தது, யார் செய்தார் அல்லது எங்கே வாங்கினார்கள், எப்படிப் புழங்கினார்கள், கடைசியாக எப்போது புழங்கினார்கள், கொடுத்தவர் பெயர், பெயரைப் போடலாமா வேண்டாமா. பேச்சை, அனுமதி கேட்டு, கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதியையும் ஊரையும் பேசுகிறவர் பெயரையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து எந்தக் குரல் யாருடையது என்று தேட வேண்டியிருக்காது.

அப்புறம் ரசீது. இரண்டு பிரதி. பொருளின் பெயர், ஏற்கெனவே இருக்கும் உடைசல், கீறல், துரு எல்லாவற்றையும் எழுதி, அவர்கள் கண்ணெதிரே நான்கு பக்கமும் படம் எடுத்து, திருப்பித் தரும் தேதியைக் குறித்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தச் சித்தப்பா வீட்டுச் சாமானாக இருந்தாலும் ரசீது கொடுங்கள். ஊரில் நம்பிக்கை ஒருமுறை போனால் அடுத்த கண்காட்சிக்கு ஒரு கரண்டிகூட வராது.

வாங்கக்கூடாதவையும் உண்டு. தங்கம், வெள்ளி, வீட்டில் பூசையிலோ தொழுகையிலோ இருக்கும் பொருள், கொடுக்கும்போது முகம் வாடுகிற எந்தப் பொருளும் வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய புகைப்படங்களை ஆல்பத்திலிருந்து உரிக்காதீர்கள். அங்கேயே நிழலில் வைத்து, நேர் மேலிருந்து, பிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். ஸ்கேனர் கிடைத்தால் 600 டிபிஐ வைத்து எடுத்து நகலையே காட்சிக்கு வையுங்கள். பெண்களின் படத்தைப் பொதுவில் வைக்கலாமா என்று அந்தந்த வீட்டில் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் மறுபேச்சு வேண்டாம்.

கீழக்கரை போன்ற ஊர்களில் அரபுத்தமிழில் எழுதிய கடிதங்களும் ஏடுகளும் கிடைக்கும். அரபு எழுத்தில் தமிழ்ப் பேச்சு. அது குர்ஆன் பகுதியா, குடும்பக் கணக்கா என்று தெரியாமல் எடுத்து வைத்துவிடாதீர்கள். படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டி, தமிழ் எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, சமய நூலாக இருந்தால் மேசைக்கு மேலே தனிப் பலகையில் வையுங்கள்.

"புயலுக்கு முந்தியா, பிந்தியா?"

வயதானவர்களிடம் ஆண்டைக் கேட்டால் பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்தக் கடற்கரையில் காலத்தைப் பிடித்துக்கொள்ள உறுதியான கொக்கிகள் இருக்கின்றன. பெரியது, 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல். பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன ரயிலைக் கடல் கொண்டுபோன இரவு அது. அதற்கு முன்னால் 1914-இல் பாம்பன் ரயில் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்திருந்தன. புயலோடு தனுஷ்கோடிக் கப்பல் போக்குவரத்து நின்றது. 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்தது. 2004-இல் சுனாமி. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம். "இந்த வள்ளம் வாங்கினது ரோட்டுப் பாலம் வர்றதுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டுப் பாருங்கள். "பாலம் கட்டிக்கிட்டு இருந்தாங்க, என் மூத்தவ கைக்குழந்தை" என்று பதில் வரும். மூத்தவள் வயதைக் கேட்டால் ஆண்டு கையில் வந்துவிடும்.

புயலைப் பற்றிக் கேட்பதில் மட்டும் பொறுமை வேண்டும். அந்த இரவில் வீட்டாரை இழந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களாகப் பேசத் தொடங்கும்வரை தனுஷ்கோடியின் பள்ளிக்கூடம், சந்தை, கருவாட்டு வியாபாரம், கப்பல் வரும் நேரம் என்று வாழ்ந்த நாட்களைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் அழுதால் பதிவை நிறுத்திவிடுங்கள். சடலங்கள் தெரியும் படங்களைக் காட்சிக்கு வைக்காதீர்கள்.

எழுத்து ஆவணம் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ராமநாதபுரம் மாவட்டம் 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. 1985-இல் அது மூன்றாகப் பிரிந்து சிவகங்கையும் விருதுநகரும் தனியாகப் போயின. ஆகவே 1910-க்கு முந்தைய அரசுத் தாள்களில் உங்கள் ஊரை மதுரை மாவட்டத்துக்குள் தேடுங்கள். 1985-க்கு முந்தைய "ராமநாதபுரம் மாவட்டம்" என்ற புள்ளிவிவரத்தில் சிவகாசியும் காரைக்குடியும் சேர்ந்தே இருக்கும். அந்த எண்ணை இன்றைய மாவட்டத்துக்கு அப்படியே எழுதிவிடாதீர்கள்.

சேர்ந்த செய்திகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆவணத்தில் இருப்பது, ஊர் சொல்வது, நீங்களாக ஊகிப்பது. காட்சியில் முதலிரண்டையும் வைக்கலாம், ஆனால் எது எது என்று தெரிய வேண்டும். "என்று ஊரில் சொல்கிறார்கள்" என்று முடித்தால் ஊர்க்கதையின் மதிப்பு குறையாது. மூன்றாவதை நோட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கூடாதவை

இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு வைத்த பொருளே வம்பில் மாட்டிவிடும். கடற்கரை வீடுகளில் பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் விசிறி, ஆமை ஓடு, ஆவுளியா (கடல்பசு) எலும்பு என்று ஏதாவது அலமாரியில் இருக்கும். இவையெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பவளம், கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001-இல் கடுமையான பட்டியலில் சேர்க்கப்பட்டன. சில சங்கு வகைகளுக்கும் தடை உண்டு. பொருளை வைக்காதீர்கள், படமாக வரைந்து வையுங்கள். எந்தச் சங்கை வைக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டு வையுங்கள்.

மண்ணுக்குள்ளிருந்து வருபவை இன்னொரு வகை. வைகை கடலில் சேரும் இடத்தருகே இருக்கும் அழகன்குளத்தில் மாநிலத் தொல்லியல் துறை 1980-களிலிருந்து பலமுறை அகழாய்வு செய்திருக்கிறது. ரோமக் காசுகள், மதுச்சாடி ஓடுகள், தமிழி எனும் பழைய தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஒரு பானை ஓடு எல்லாம் அங்கே கிடைத்தவை. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. இந்த ஊர்களில் மழை பெய்தால் பிள்ளைகள் ஓடு பொறுக்குவார்கள். அவர்களிடம் சொல்லிவையுங்கள்: தோண்டக்கூடாது, கிடக்கும் இடத்திலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குச் சொல்ல வேண்டும். இடத்தைவிட்டு எடுத்துவிட்டால் அந்த ஓடு சொல்லக்கூடிய செய்தியில் பெரும்பகுதி போய்விடும். காசோ, சிலையோ, செப்பேடோ புதையலாகக் கிடைத்தால் 1878 புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டில் பரம்பரையாக இருக்கும் கற்சிலை, உலோகச் சிலை போன்றவை 100 ஆண்டு தாண்டியிருந்தால் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். கையெழுத்துச் சுவடிகளுக்கு அந்த வரம்பு 75 ஆண்டு. சிலவற்றைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், இல்லையென்றால் முறைப்படி பதிவு செய்யும் வழியை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

எழுதி வைப்பது

பொருளுக்குக் கீழே வைக்கும் குறிப்பு ஐம்பது சொல்லைத் தாண்ட வேண்டாம். ஊர்ப் பெயர் முதலில் வரட்டும். பாடப்புத்தகத் தமிழில் "கடற்பாசி சேகரிப்புக் கருவி" என்று எழுதினால் கொடுத்த அம்மாவுக்கே அது தன்னுடையது என்று தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"விரலில் சுற்றும் துணி. பாசி எடுக்கக் கடலில் இறங்குமுன், பாறையும் சிப்பியும் கையைக் கிழிக்காமலிருக்க, பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றிக்கொள்வார்கள். முகத்தில் கண்ணாடி, இடுப்பில் பை. துணி நைந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். கொடுத்தவர்:" என்று எழுதி, பெயரும் ஊரும்.

கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றின் பெயர் பேச்சில் வந்தால் அப்படியே விட்டுவிட்டு, எந்தத் திசைக் காற்று, எந்த மாதம் என்று ஒரு வரி சேருங்கள். அச்செழுத்தின் அளவு 24 புள்ளிக்கு (பாயிண்ட்) குறையக்கூடாது. ஒரு தாளை அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, நான்கடி தள்ளி நின்று உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கண்ணாடி போடாமல் படிக்கச் சொல்லுங்கள். தட்டுத்தடுமாறினால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். பளபளக்கும் பிளெக்ஸில் விளக்கு பட்டால் கண் கூசும். சாதாரணத் தடித்த தாளே மேல். அச்சுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு குறிப்பையும் கொடுத்தவரிடம் வாசித்துக் காட்டுங்கள். இதை மட்டும் எந்த அவசரத்திலும் விடாதீர்கள். பெயரிலும் உறவுமுறையிலும் பிழை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

உப்புக்காற்றும் வெயிலும்

கடலைப் பார்த்த சன்னலை மூடிவிடுங்கள். உப்பு ஈரம் இரும்பையும் காகிதத்தையும் ஒரே வாரத்தில் கெடுக்கும். தாள், துணி, ஓலை மூன்றும் நேர் வெயில் படாத சுவரில் இருக்கட்டும். எல்இடி விளக்கு போதும், அதையும் ஆள் இல்லாத நேரத்தில் அணைத்துவிடுங்கள். மூடிய பெட்டிக்குள் வைக்கும் பொருளோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். செல்லோடேப், பசை, ஸ்டேப்ளர், லேமினேஷன் எதுவும் மூலப் பொருளின் மேல் படக்கூடாது. ஓலைச்சுவடியை வளைக்காமல் அடியில் அட்டை கொடுத்து இரு கையாலும் எடுங்கள். எண்ணெய் பூசுவது, சுத்தம் செய்வது எல்லாம் பழகியவர்கள் வேலை.

சுவரில் ஆணி அடிக்க வேண்டாம். இரு தூண்களுக்கு நடுவே வலைக்கயிற்றை இழுத்துக் கட்டி, துணி கவ்வியால் படங்களைத் தொங்கவிடலாம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் பெரும்பாலோர் நிமிர்ந்து பார்க்கலாம். பிள்ளைகளுக்காக ஒரு மேசையைத் தாழ்வாக வையுங்கள், அதில் தொட்டுப் பார்க்கக்கூடியவற்றை வையுங்கள்: வலைத் துண்டு, தக்கை, ஈயக்குண்டு, பனையோலை. வள்ளம், வத்தை போன்ற படகுகள் கூடத்துக்குள் வராது. அவை கரையிலேயே இருக்கட்டும். மாலை ஐந்து மணிக்கு உடையவர் கரையில் நின்று விளக்குவார் என்று வாசலில் எழுதிப் போடுங்கள்.

நடக்கிற நாட்களில்

விளக்கிச் சொல்ல நீங்கள் நிற்க வேண்டாம். பொருளைக் கொடுத்தவர்களை முறை வைத்து உட்காரச் சொல்லுங்கள். ஓலை முடைகிறவரையோ படகுக்குப் பெயர் எழுதுகிறவரையோ கூப்பிட்டுச் செய்து காட்டச் சொன்னால், அந்த நாள் கூலியை முழுதாகக் கொடுங்கள். சால்வை போர்த்திப் புகைப்படம் எடுப்பது கூலி ஆகாது.

பள்ளிப் பிள்ளைகள் வந்தால் பதினைந்து பேராக உள்ளே விடுங்கள். கையில் நான்கு கேள்வி எழுதிய தாள் கொடுங்கள். "உங்கள் வீட்டில் இதைப்போல எது இருக்கிறது? யாரிடம் கேட்கப் போகிறாய்?" என்பது நான்காவது கேள்வியாக இருக்கட்டும். அடுத்த நாள் அந்தப் பிள்ளை பாட்டியோடு வரும்.

வாசலில் ஒரு தடித்த நோட்டை வையுங்கள். பாராட்டு எழுதச் சொல்லாமல், "இங்கே எது தவறு? உங்களுக்கு வேறு என்ன தெரியும்?" என்று முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்வதை ஒரு ஆள் உட்கார்ந்து எழுதட்டும். படத்தில் நிற்கும் பெயர் தெரியாத ஆளை அடையாளம் காட்டுகிறவர் இந்த நோட்டு வழியாகத்தான் வருவார். இரவில் கூடத்தைப் பூட்டி இரண்டு பேரிடம் சாவி இருக்கட்டும். பூட்டும்போது பட்டியலை வைத்து ஒவ்வொரு பொருளாகச் சரிபாருங்கள்.

முடிந்த பிறகு

சொன்ன தேதியில், சொன்ன பொருளை, நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லாதீர்கள். ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். கூடவே, அவர்கள் படத்தின் நல்ல அச்சு ஒன்றையும், அவர்கள் குரல் பதிவையும் அந்த வீட்டுப் பிள்ளைகளின் கைபேசியில் ஏற்றிக் கொடுங்கள்.

அட்டைகளையும் வாசலில் வைத்த திருத்த நோட்டையும் ஒரு கோப்பாகக் கட்டி, நகல் எடுத்து, ஒன்றைக் கிளை நூலகத்தில் கொடுங்கள், ஒன்றைப் பள்ளியில் கொடுங்கள். யார் பெயரை வெளியிட வேண்டாம் என்றார்களோ அந்த அட்டைகளைத் தனியாகப் பிரித்துவிட்டுக் கொடுங்கள். படங்களையும் பதிவுகளையும் இரண்டு தனித்தனி இடங்களில் சேமியுங்கள். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் அது கடலில் விழுந்த அன்று எல்லாம் போய்விடும். கோப்பின் பெயரில் ஊர், பொருள், தேதி மூன்றும் இருக்கட்டும்.

திருத்த நோட்டில் வந்த பெயர்களையும் தொலைபேசி எண்களையும் தனித்தாளில் எழுதி, அந்த வாரத்துக்குள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். வலைக்காரர் ஒருவர் தன் தாத்தா காலத்துத் தக்கை இருக்கிறது என்று எழுதியிருப்பார். அடுத்த தடைக்காலம்வரை காத்திருக்காமல் போய்ப் பார்த்து, அட்டை எழுதிவிட்டு வாருங்கள்.